பக்கத்தில் நிற்கும் பத்துப் பேர்: ராக் கச்சேரியைக் கூட்டம் எப்படி மாற்றுகிறது?

2002 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் கனடாவின் ரஷ் குழு வாசித்தது. குழுவில் மூன்றே பேர். எதிரே சுமார் 40,000 பேர். அன்று வாசித்தவற்றில் 'ஒய் ஒய் இசட்' என்ற உருப்படியும் ஒன்று. அதில் பாட்டே கிடையாது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒன்றையொன்று துரத்தும் வாத்திய இசை அது. கூட்டம் அதையும் பாடியது! கிட்டார் வாசிக்கும் மெட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே தாளத்துக்குக் குதித்தது. அந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. 1981-இல் வெளிவந்த ஸ்டுடியோ பதிவும் கிடைக்கிறது. ரியோ பதிவைக் கேட்டுவிட்டுப் பழையதைப் போட்டால், ஏதோ ஒரு வாத்தியம் விடுபட்டுப்போனது போலவே எனக்குத் தோன்றும். விடுபட்டது அந்தக் கூட்டம்தான்.

ஒரு கச்சேரி நன்றாக இருந்ததா என்று யாராவது கேட்டால், உடனே மேடையைப் பற்றித்தான் பேசுவோம். குரல் எப்படி இருந்தது, கிட்டார் எப்படி இருந்தது, எந்தப் பாட்டை விட்டுவிட்டார்கள் என்று. ஆனால் வருடக்கணக்காகக் கூட்டத்துக்குள் நின்று கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இரவில் பாதிதான் மேடையின் கையில் இருக்கிறது. மீதிப் பாதி, நம்மைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் பத்துப் பேரின் கையில். எழுபதாயிரம் பேர் கூட்டம் என்பதெல்லாம் மேலேயிருந்து படம் எடுப்பவருக்கு. உள்ளே நிற்பவருக்குக் கூட்டம் என்றால் அந்தப் பத்துப் பேர்தான்.

முதலில் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். மாலையில் சவுண்ட் செக் நடக்கும்போது அரங்கம் காலியாக இருக்கும். ஸ்னேர் டிரம்மில் ஓர் அடி விழுந்தால், அது சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்து, அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். கதவு திறந்து ஆட்கள் நிறைந்ததும் இது மாறிவிடும். மனித உடம்பும் அதன் மேலுள்ள துணியும் மெத்தை மாதிரி. நடுத்தர ஒலிகளையும் கூர்மையான ஒலிகளையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் மாலையில் பார்த்துப் பார்த்து வைத்த அளவுகளை, முதல் பாட்டு ஓடும்போதே சவுண்ட் இன்ஜினியர் மறுபடி திருகிக்கொண்டிருப்பார். கூட்டம் இன்னும் ஒரு கைகூடத் தட்டவில்லை. வந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் இசை மாறிவிட்டது.

கை தட்டத் தொடங்கினால் அடுத்த சிக்கல். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு டிரம்ஸ் அடி போய்ச் சேர 0.3 விநாடி ஆகும். அவர் அதற்குச் சரியாகக் கை தட்டினாலும், அந்தத் தட்டல் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.3 விநாடி. நிமிடத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை விநாடிதான் இருக்கிறது. ஆக, பின்னால் நிற்பவரின் கைதட்டல் ஒரு முழு அடிக்கும் மேலே தள்ளிப்போய்த்தான் டிரம்மரின் காதில் விழும். அதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுத்துக்கொண்டே போகும். பெரிய மைதானத்தில் கூட்டத்தோடு சேர்ந்து வாசிப்பதற்கு, அந்தக் கூட்டத்தைக் காதில் வாங்காமல் இருக்கும் பயிற்சியும் வேண்டும்.

இப்போது நிறைய இசைக்கலைஞர்கள் காதுக்குள் அடைத்துக்கொள்ளும் இன்-இயர் மானிட்டர் போட்டுக்கொள்கிறார்கள். தாளம் பிசகுவதில்லை, காதுக்கும் நல்லது. ஆனால் காதை அடைத்ததும் கூட்டம் மறைந்துவிடுகிறது. கண்ணெதிரே ஆயிரக்கணக்கான வாய்கள் அசைகின்றன, ஒரு சத்தமும் வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று வாசிப்பது போல இருக்கும். இதற்காகவே மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து மைக் வைத்து, அந்த இரைச்சலைக் கொஞ்சம் கலந்து கலைஞரின் காதுக்குள் அனுப்புகிறார்கள். கூட்டத்தின் சத்தம் இல்லாமல் அவர்களால் வாசிக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நிகழ்ச்சி முடிந்து "ஒன்ஸ் மோர்" கேட்டுக் கை தட்டும்போது ஒரு வேடிக்கை நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? முதலில் மழை கொட்டுவது போல ஒழுங்கில்லாத தட்டல். சற்று நேரத்தில், யாரும் சொல்லாமலே, எல்லாக் கைகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படியே போய், மறுபடி மழையாகக் கலையும். பிறகு மீண்டும் சேரும். ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் அரங்குகளில் இந்தக் கைதட்டலைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் 2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் காரணத்தை எழுதினார்கள். ஒன்றாகத் தட்டத் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம் வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். வேகம் குறைந்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறையும், தாளம் ஒன்றுசேரும். ஆனால் மெதுவாகத் தட்டினால் மொத்தச் சத்தமும் குறைந்துவிடுகிறது. உற்சாகத்தில் இருப்பவருக்கு அது போதாது. வேகத்தைக் கூட்டுவார், தாளம் உடையும். சேர்ந்து தட்டவும் வேண்டும், பலமாகத் தட்டவும் வேண்டும். கூட்டம் இரண்டு ஆசைக்கும் நடுவே ஊசலாடுகிறது.

சத்தம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1965 ஆகஸ்ட் 15 பெரிய பாடம். நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ், எதிரே சுமார் 55,000 பேர். அவர்கள் கொண்டுவந்த, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்கள் ஒவ்வொன்றும் 100 வாட். அவ்வளவு பெரிய மைதானத்துக்கு அது எம்மாத்திரம்? ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் என்ன வாசிக்கிறோம் என்பதே அவர்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல உண்டு. தங்கள் இசை தங்களுக்கே கேட்கவில்லை என்பது அவற்றில் முக்கியமானது. கூட்டத்தின் அன்பே அந்தக் குழுவை மேடையிலிருந்து இறக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அதே கூட்டம் ஒரு குழுவைத் தூக்கி நிறுத்தவும் செய்யும். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், லைவ் எய்ட் நிகழ்ச்சி. குவீன் குழுவுக்குக் கிடைத்தது 20 நிமிடம் சொச்சம். சூரியன் இன்னும் மறையவில்லை, அதனால் விளக்கு வித்தைக்கு வழியில்லை. எதிரே இருந்த சுமார் 72,000 பேரும் பல குழுக்களைக் கேட்க வந்தவர்கள். 'ரேடியோ கா கா' பாட்டின் பல்லவி வந்ததும் அத்தனை பேரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு தட்டு, பிறகு கை விரிப்பு. அந்த அசைவு முந்தைய ஆண்டு வந்த பாட்டின் வீடியோவிலேயே இருந்தது. கூட்டம் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. பிறகு குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி வாத்தியம் ஏதுமில்லாமல் ஒரு சங்கதி பாடி நிறுத்துவார். 72,000 பேரும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். இன்னும் கொஞ்சம் கடினமான சங்கதி. அதுவும் திரும்பி வரும். குரு பாட, சீடர்கள் திருப்பிப் பாடும் வகுப்பு போல அது நடந்தது. அந்த இருபது நிமிடத்தை இன்றும் உலகம் பேசுகிறதென்றால், அதில் கூட்டத்தின் பங்கு சரிபாதி.

கசப்பான உரையாடல்களும் நடந்திருக்கின்றன. 1966 மே 17 அன்று மான்செஸ்டரில், சாதாரண கிட்டாரோடு நாட்டுப்பாடல் பாணியில் பாடிப் புகழ்பெற்ற பாப் டிலன் மின்சார கிட்டாரோடு வாசித்தது பிடிக்காமல் கூட்டத்திலிருந்து ஒருவர், துரோகி என்ற பொருளில், "யூதாஸ்!" என்று கத்தினார். டிலன் "உன்னை நான் நம்பவில்லை, நீ ஒரு பொய்யன்" என்று பதில் சொன்னார். அடுத்து வந்த பாட்டு, அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு வெடித்தது. 1977 ஜூலையில் மான்ட்ரியலில் பிங்க் ஃபிளாய்ட் வாசித்தபோது, முன்வரிசை ரசிகர் ஒருவரின் தொல்லை தாங்காமல் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் அவர் மேல் எச்சில் துப்பிவிட்டார். தான் செய்த காரியமே அவரை உலுக்கியது. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுவது போல அவர் மனதில் விழுந்த படம்தான் 1979-இல் 'தி வால்' தொகுப்பாக வந்தது.

சரி, இவை எல்லாம் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நடப்பவை. கூட்டத்துக்குள்ளேயே நடப்பது இன்னும் சுவாரசியம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு ராக் பாடகரை மேடையில் பாட வைத்துக் கேட்டவர்களையும், அவருடைய அதே பாட்டுகளைப் பதிவிலிருந்து போட்டுக் கேட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேரில் கேட்டவர்கள் அதிகமாகத் தலையாட்டினார்கள். ஏற்கெனவே அவருடைய ரசிகர்களாக இருந்தவர்கள் தாளத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டார்கள். என் பக்கத்தில் நிற்பவர் தலையாட்டினால் என் தலையும் ஆடும். பத்துப் பேர் குதித்தால் கால் தானாகத் தரையை விட்டு எழும். 2011 டிசம்பரில் ஆக்லாந்தில் ஃபூ ஃபைட்டர்ஸ் வாசித்தபோது, ரசிகர்கள் குதித்த குதியில் நிலம் விநாடிக்கு மூன்று முறை அதிர்ந்ததை நிலநடுக்கக் கருவிகளே பதிவு செய்தன.

இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பேருந்தில் ஒருவர் தோளோடு தோள் உரசி நின்றால் எரிச்சல் வருகிறது. அதைவிட நெருக்கமாக முன்பின் தெரியாதவர்கள் கச்சேரியில் உரசினால் ஏன் வருவதில்லை? 2002-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் நடந்த பெரிய இசைக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களிடம் உளவியலாளர்கள் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். 'இது நம்ம கூட்டம்' என்று உணர்ந்தவர்களுக்கு நெரிசல் குறைவாகத் தெரிந்திருந்தது, மகிழ்ச்சியும் கூடுதலாக இருந்தது. இடம் அதேதான். பக்கத்தில் இருப்பவர் அந்நியரா நம்மவரா என்பதைப் பொறுத்து உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. கூட்டத்தில் சேர்ந்தால் மனிதன் புத்தியை இழந்துவிடுவான் என்று 1895-இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன் எழுதியதை நூறு வருடத்துக்கும் மேலாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸ்டீபன் ரீச்சர், ஜான் ட்ரூரி போன்றவர்கள் பல வருடம் கூட்டங்களை ஆராய்ந்து சொல்வது வேறு: ஆபத்து வந்தால்கூட, 'நாம்' என்று உணரும் கூட்டம் ஒருவருக்கொருவர் உதவவே செய்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்தது, பார்க்கவே பயமாக இருக்கும் ஓர் இடத்தில்: மோஷ் பிட். மெட்டல், பங்க் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் ஒரு வட்டம் திறக்கும். உள்ளே போனவர்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளிக்கொண்டு ஆடுவார்கள். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இந்தக் காட்சிகளின் வீடியோக்களை எடுத்து ஆராய்ந்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மோஷ் பிட்டில் ஆட்களின் வேகம் வாயு மூலக்கூறுகளின் வேகம் போலவே பரவியிருக்கிறதாம். எல்லாரும் ஒரே திசையில் ஓடும் சர்க்கிள் பிட் நீர்ச்சுழி மாதிரி. கணக்குக்கு அது சரி. ஆனால் மூலக்கூறு கீழே விழுந்தால் இன்னொரு மூலக்கூறு குனிந்து தூக்காது.

ஒரு முறை அப்படி ஒரு வட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ மோதியதில் உள்ளே போய் விழுந்துவிட்டேன். முழங்கால் தரையைத் தொட்டதா இல்லையா, இரண்டு அக்குளிலும் கை விழுந்தது. எதிரே ஒருவர் முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, ஓடிவருபவர்களைத் தடுத்து நின்றார். எழுந்து நின்ற பிறகுதான் ஒரு காலில் ஷூ இல்லை என்று தெரிந்தது. அந்த மோதலுக்கு நடுவே அதைத் தேடுவதாவது என்று விட்டுவிட்டேன். பாட்டு முடிந்து வெளிச்சம் வந்தபோது, பத்தடி தள்ளி ஒரு கை உயரத் தூக்கி ஒரு ஷூவை ஆட்டிக்கொண்டிருந்தது. அது தலைக்கு மேலே கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. கடைசியாகக் கொடுத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அடிபடலையே?" விழுந்தவரைத் தூக்கு, வர விரும்பாதவரை இழுக்காதே, தொலைந்ததை உயரத் தூக்கிக் காட்டு. எங்கும் எழுதி ஒட்டாத இந்த விதிகள் இருப்பதால்தான் அந்த முரட்டு ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடைக்கு முன்னாலுள்ள இடம் பெரிய உடம்புக்காரர்களின் சொத்தாகிவிடுவது உண்டு. உயரம் குறைந்தவர்கள், பெண்கள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள். மற்றவர்கள் கைகளில் தாங்கிக் கடத்த, கூட்டத்தின் தலைக்கு மேல் மிதந்து போகும்போதும் நெரிசலுக்குள்ளும் பெண்கள் மேல் கை வைக்கும் கயவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அந்த இரவு முழுவதும் அத்தோடு நாசம். பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்தும் பாராமல் நின்றால் குற்றம் அவர்களுக்கும் சேரும். வாஷிங்டனைச் சேர்ந்த ஃபுகாஸி குழு இதில் மிகக் கண்டிப்பாக இருந்தது. கூட்டத்தில் யாராவது மற்றவரை அடித்து ஆடினால் பாட்டை நிறுத்திவிட்டு, மேடையிலிருந்தே அந்த ஆளிடம் பேசுவார்கள். கேட்கவில்லை என்றால் டிக்கெட் பணம் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இதற்கென்றே பணம் போட்ட கவர் வைத்திருந்தார்கள்.

ஆனால் நல்ல நடத்தையால் சமாளிக்க முடியாத ஓர் எல்லை உண்டு. அது அடர்த்தி. எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் கூட்டம்தான் கொல்கிறது. ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் கை கால் அசைக்கலாம், வழி விடலாம். ஏழு பேர் ஆகிவிட்டால் தனி மனிதர் என்பதே இல்லை. கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பின்னால் ஓர் அசைவு, அது அலையாக முன்னால் வந்து தூக்கி வீசும். அதில் சாகிறவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. மார்புக்கூடு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் பங்குக்கு அரை அடி முன்னே வருகிறார், அவ்வளவுதான்.

1979 டிசம்பர் 3, சின்சினாட்டி. தி ஹூ குழுவின் கச்சேரி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது. முதலில் போனவருக்கு முதல் இடம். குளிரில் மணிக்கணக்காக ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். திறந்ததோ சில கதவுகள் மட்டும். உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். 11 பேர் இறந்தார்கள். உள்ளே கச்சேரி நடந்து முடிந்தது. வெளியே நடந்தது அதன் பிறகுதான் குழுவுக்குச் சொல்லப்பட்டது. ரசிகர்களின் வெறி, காட்டுக் கூட்டம் என்றெல்லாம் எழுதினார்கள். அதைப் படித்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். அங்கே யாரும் வெறிபிடித்து ஓடவில்லை, ஓட இடமே இல்லை. கதவுகளைத் திறக்காதது யார் என்பதல்லவா கேள்வி?

2000 ஜூன் 30, டென்மார்க்கின் ராஸ்கில்டே விழா. பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் நெரிசலில் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். பாடகர் எடி வெடர் இசையை நிறுத்தி, எல்லாரும் மூன்று காலடி பின்னால் போங்கள் என்று கெஞ்சினார். கூட்டம் கேட்டது, பின்னால் போனது. ஆனாலும் 9 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகு அந்த விழாவில் மேடைக்கு முன்னாலுள்ள இடத்தைத் தடுப்புகளால் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து அனுப்புகிறார்கள். பாடகர்கள் கூட்டத்தைக் கவனித்துப் பாட்டை நடுவில் நிறுத்துவதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். யாரும் சலித்துக்கொள்வதில்லை. சலித்துக்கொள்ளவும் கூடாது.

அப்புறம், செல்போன். இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு பாட்டைப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, முழுக் கச்சேரியையும் எடுப்பவர் பின்னால் நிற்பவரின் மேடையைத் திருடுகிறார். தூக்கிய கை தட்டாது. திரையைப் பார்க்கும் கண் பக்கத்து ஆளைப் பார்க்காது. ராக் பாடகர் ஜாக் வைட் 2018 சுற்றுப்பயணத்தில் போன்களைப் பூட்டிய பைகளில் போட வைத்தார். டூல் குழு நிகழ்ச்சி முழுவதும் தடை விதித்துவிட்டு, கடைசிப் பாட்டுக்கு மட்டும் எடுக்கலாம் என்று விடுவதுண்டு. அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு ஒரு நினைவும் கிடைக்கிறது, இரவும் கெடுவதில்லை.

சத்தத்தைவிட அமைதியில்தான் பக்கத்து ஆளின் அருமை தெரியும். இரைச்சலான பாட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பாடகர் மெதுவாகத் தொடங்கும் பாட்டு ஒன்று எப்போதும் உண்டு. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வேலைக் கதை பேசத் தொடங்கினால், அந்தப் பாட்டு நமக்கு இல்லை. அப்படிப் பல பாட்டுகளை இழந்திருக்கிறேன். போன முறை கேட்ட கச்சேரியில் அந்தப் பாட்டு வந்தபோது எனக்கு முன்னால் நல்ல உயரமான ஒருவர் நின்றார். அவர் முதுகைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் சரணத்தின் நடுவே தற்செயலாகத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இடது பக்கம் அரை அடி நகர்ந்துகொண்டார். அவர் தோளுக்கும் பக்கத்து ஆளின் காதுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில் பாடகரின் முகம் தெரிந்தது.